துரைக்குச் சர்க்கரை

துரைக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தவை எறும்புகள்தான். பின்பக்கச் சுவரோரம் அது காலைத் தூக்கிவிட்டு வந்த இடத்தில், கால் மணி நேரத்துக்குள் கறுப்பாக வரிசை கட்டிவிடும். அந்த வீட்டு மருமகள் இரண்டு நாள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். மூன்றாம் நாள், விடிந்ததும் நிரப்பி வைத்த தண்ணீர்க் கிண்ணம் ஏழு மணிக்கே காலியாகி, துரை குளியலறை வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதைக் கண்டபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. உருண்டு திரண்டிருந்த உடம்பு எப்போது இப்படி வற்றிப்போனது? தட்டில் வைப்பதை மிச்சமில்லாமல் தின்றுவிட்டு அடுத்தவர் தட்டை அளவெடுக்கும் நாய் இது. ஆனாலும் விலா எலும்பை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம்போல் இருந்தது.

துரைக்கு ஒன்பது வயது. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். பெயர் வைத்தவர் மாமனார். குட்டியாக வந்த முதல் நாளே அவருடைய நாற்காலியில் ஏறிப் படுத்து, அவர் இறங்கச் சொன்னதற்கு வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டதாம். "துரை வந்துட்டாரு, நாமதான் எழுந்து நிக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

அந்த வீட்டில் மாமனார், மருமகள், துரை என்று மூவர்தான். மருமகளின் கணவனுக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. வருஷத்தில் எட்டு மாதம் கடல். மருமகளுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த பெரிய சலவை நிலையத்தில் வேலை. ஆஸ்பத்திரிகள், விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளும் கோட்டுகளும் அங்கே வெளுக்கப்பட்டு, தேய்க்கப்பட்டுத் திரும்பும். மாமனார் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் பத்து வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொள்வார். ஊசி என்று யாராவது ஆரம்பித்தால் வெளியே கிளம்பச் செருப்பைத் தேடுவார்.

கால்நடை ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நானூத்தி எழுபது" என்றார்.

"நாய்க்குமா சர்க்கரை வரும்?" என்றாள் மருமகள்.

"வரும். இதுக்கு மாத்திரை சரிப்படாது. இன்சுலின்தான். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பன்னிரண்டு மணி நேரம் இடைவெளி. முதல்ல சாப்பிடணும், அப்புறம்தான் ஊசி. நடுவுல எதுவும் தரக் கூடாது. ஒரு துணுக்குகூட." டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னொண்ணு. திடீர்னு சர்க்கரை இறங்கிட்டா தள்ளாடும், உதறும். அப்ப ஈறுல தேய்க்கத் தேனோ சர்க்கரைக் கரைசலோ வீட்டுல எப்பவும் இருக்கணும்."

மருமகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சர்க்கரை டப்பாவைக் காலி செய்தாள். தேன், மிட்டாய், பிஸ்கட் எல்லாம் எதிர்வீட்டுக்குப் போயின. வீட்டில் இரண்டு சர்க்கரைக்காரர்கள். இனிப்பு வாசனையே இருக்கக் கூடாது என்று நினைத்தாள். தேனைப் பற்றி டாக்டரம்மா சொன்னது அந்த வேகத்தில் எங்கோ நழுவிவிட்டது.

"மாமா, நீங்களும் சத்தியம் பண்ணுங்க. இதுக்கு எதுவும் தரக் கூடாது."

"நான் எதுக்கும்மா தரப்போறேன்? எனக்கே ஒண்ணும் கிடைக்கிறதில்ல" என்றார் மாமனார். துரையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

அதற்குப் பிறகு அவளுடைய விடியற்காலைகள் வேறு மாதிரி ஆகிவிட்டன. ஐந்தரைக்கு எழுந்திருப்பாள். ஆற்றிலிருந்து கிளம்பும் பனி அந்த நேரத்தில் தெருவை முழுங்கியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே மரமும் இல்லை, எதிர்வீடும் இல்லை, வெறும் வெள்ளை. வேகவைத்த கோழித் துண்டும் பீன்ஸும் டாக்டரம்மா கொடுத்த உருண்டைத் தீனியும் கலந்து வைப்பாள். துரை சாப்பிடும் சத்தம் மட்டும் கேட்கும். குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மெதுவாக உருட்டுவாள். குலுக்கக் கூடாது, குலுக்கினால் மருந்து கெட்டுப்போகும். அந்தக் குளிர்ந்த கண்ணாடி உள்ளங்கையில் உருள உருள, தான் இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறோமோ என்று அவளுக்குத் தோன்றும். ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நான்கு கோடு வரை மருந்தை ஏற்றுவாள். தோள்பட்டைக்குப் பின்னால் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, சட்டென்று குத்தி எடுப்பாள். துரை திரும்பிக்கூடப் பார்க்காது. தட்டில் கடைசிப் பீன்ஸ் எங்கே போயிற்று என்பதுதான் அதன் கவலை.

மாமனார் அந்த நேரத்தில் வேறு அறைக்குப் போய்விடுவார். "போட்டாச்சா?" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

"போட்டாச்சு மாமா. வெளியே வாங்க. உங்களுக்கில்ல."

சலவை நிலையத்தில் நீராவிக்கு நடுவே நிற்கும்போது அவளுக்குக் கண் சொருகும். பெரிய உருளைகளுக்கு இடையிலிருந்து விரிப்புகள் வெள்ளை வெள்ளையாக வந்துகொண்டே இருக்கும். அந்தப் பக்கம் நின்று முனையைப் பிடித்து மடிப்பவள் நெட்டையக்கா. ஆளும் உயரம், குரலும் உயரம். "ஏண்டி, நின்னுக்கிட்டே தூங்குற குதிரையைப் பார்த்திருக்கேன். மடிச்சுக்கிட்டே தூங்குறவளை இப்பத்தான் பாக்குறேன்" என்பாள்.

இவ்வளவு செய்தும் துரையின் சர்க்கரை மட்டும் பிடி கொடுக்கவில்லை. டாக்டரம்மா நான்கு யூனிட்டை ஆறாக்கினார். ஆறு எட்டானது. "சாப்பாடு சரியா தரீங்களா? நடுவுல எதுவும் இல்லையே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். "இல்லவே இல்லை" என்று அவளும் ஒவ்வொரு தடவையும் அடித்துச் சொன்னாள்.

இதற்கு நடுவே துரையின் கண்கள் மங்கிவிட்டன. முதலில் நீலம் பூசியதுபோல் இருந்தன. ஒன்றரை மாதத்தில் பால் ஊற்றியதுபோல் ஆகிவிட்டன. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பிறகு அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம் என்றார் டாக்டரம்மா. துரை சுவரை மூக்கால் தொட்டுத் தொட்டு நடக்கப் பழகிக்கொண்டது. மேசைக் கால், கதவு, வாசற்படி எல்லாவற்றுக்கும் அதனிடம் ஒரு கணக்கு இருந்தது. வீட்டில் எந்தப் பொருளையும் யாரும் இடம் மாற்றவில்லை.

மாமனாருக்கும் கண்ணில் புரை விழுந்திருந்தது. நாத்தனார் வேறு ஊரில் இருந்தாள். "இங்க நல்ல கண் ஆஸ்பத்திரி இருக்கு, அப்பாவை அனுப்பி வைங்க" என்று ஒற்றைக் காலில் நின்று சம்மதிக்க வைத்தாள். ஊசி போடாமல் கண்ணை அறுக்க முடியுமா என்று நாலு தடவை விசாரித்த பிறகுதான் மாமனார் பெட்டியைக் கட்டினார். கிளம்பும்போது துரையின் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகு நேரம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து நாள்தாண்டா" என்றார். துரை அவர் காதுக்குப் பின்னால் இருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் போன மூன்றாம் நாள். மருமகள் பன்னிரண்டரை மணிக்கு வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். பனி அன்று மத்தியானம் வரை விலகவில்லை. பூட்டைத் திறந்தாள். வழக்கமாகக் கதவருகே வந்து நிற்கும் துரை வரவில்லை. கூடத்து மூலையில், தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்தபடி நின்றுகொண்டிருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் தனித்தனியே எங்கோ போகப் பார்த்தன.

"துரை?"

அது குரல் வந்த பக்கம் திரும்பப் பார்த்துச் சரிந்து விழுந்தது. உடம்பு முழுக்க உதறியது. வாயோரம் நுரை.

தேன். சமையலறைக்கு ஓடினாள். ஒரு டப்பா, இரண்டு டப்பா, எல்லா டப்பாவும். உப்பு இருந்தது, மாவு இருந்தது. ஒரு விரல் நுனி இனிப்பு இல்லை. தன் கையாலேயே துடைத்து வைத்த வீடு.

எதிர்வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். "சர்க்கரை... ஒரு கை சர்க்கரை குடுங்க!" விருந்தாளி வந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்த எதிர்வீட்டம்மாள் சிரித்துக்கொண்டே உள்ளே போய், கிண்ணத்தைத் துடைத்துச் சர்க்கரை எடுத்து வருவதற்குள் ஒரு யுகம் கழிந்தது. தண்ணீரில் குழைத்து விரலால் ஈறில் தேய்த்தாள். தொண்டையில் ஊற்றினால் புரையேறிவிடும் என்று அந்த அவசரத்திலும் ஞாபகம் இருந்தது. தேய்த்துக்கொண்டே மற்றக் கையால் நெட்டையக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

நெட்டையக்கா ஓடி வந்தாள், வெறும் கையோடு அல்ல. சலவை நிலையத்தில் விரிப்புகள் ஏற்றித் தள்ளும் ஆழமான துணிவண்டியை அப்படியே தெருவில் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். அதில் பாதி விரிப்புகள் இன்னும் கிடந்தன, வெதுவெதுப்பாக.

"ஏத்து. பேசிக்கிட்டு நிக்காத."

துரையை அந்த வெள்ளைக்கு நடுவே கிடத்தினார்கள். பிறகு கால்நடை ஆஸ்பத்திரி வரை ஆறு தெருக்களை எப்படிக் கடந்தோம் என்று மருமகளுக்குப் பின்னால் யோசித்தபோது ஒன்றும் நினைவில்லை. வண்டிச் சக்கரம் கடகடத்தது. பனிக்குள்ளிருந்து மனிதர்கள் தோன்றி, ஒதுங்கி, மறுபடி பனிக்குள் போனார்கள். விரிப்புகளின் சூட்டில் ஆவி எழுந்து பனியோடு கலந்தது. நடுவே பழுப்பாக ஒரு மடங்கிய காது. வண்டி தரையில் ஓடவில்லை, எதன்மேலோ மிதக்கிறது என்று நினைத்தாள். இது முடிந்துவிட்டால் நாளைக் காலை ஆறு மணிக்கும் தூங்கிக்கொண்டிருக்கலாம் என்றும் நினைத்தாள். நினைத்த மறுகணம் குனிந்து ஈறில் இன்னும் கொஞ்சம் சர்க்கரையைத் தேய்த்தாள்.

"முப்பத்தெட்டு" என்றார் டாக்டரம்மா. காலில் நரம்பு தேடிக் குளுக்கோஸ் ஏற்றினார். முக்கால் மணி நேரத்தில் உதறல் நின்றது. ஒரு மணி நேரத்தில் துரை தலையைத் தூக்கியது.

"டோஸ் அதேதானா?"

"எட்டுதான்."

"சாப்பிட்டுச்சா?"

"தட்டை நக்கிட்டுத்தான் விட்டுச்சு."

"அப்ப வீட்டுல என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறலை. மாமா ஊருக்குப் போயிருக்காரு. அவ்வளவுதான்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். ஒரு நாள் அங்கேயே வைத்திருந்து, மறுநாள் அனுப்பும்போது, "இனி அஞ்சு யூனிட். உங்க மாமா திரும்பி வந்ததும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

மருமகள் அன்று விடுப்பு போட்டிருந்தாள். சாயங்காலம் நான்கு மணி. ஜன்னல் வழியாக ஒரு பட்டை வெயில் மாமனாரின் அறைக்குள் விழுந்திருந்தது. படுத்திருந்த துரை எழுந்தது. சுவரை மூக்கால் தொட்டுத் தொட்டு அந்த அறைக்குள் போயிற்று. காலி நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்தது. முன்னங்காலைத் தூக்கி வெறும் காற்றில் நீட்டியது. யாரும் எதுவும் தராததால் காலை மாற்றி நீட்டிப் பார்த்தது. பிறகு நகர்ந்து, கதவுக்குப் பின்னால் தொங்கிய மாமனாரின் பழைய கறுப்புக் கோட்டின்மேல் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது.

எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் பையைத் துழாவுவது அவள் தொழில். ஆனால் இந்தக் கோட்டை அவர் ஒரு நாளும் சலவைக்குத் தந்ததில்லை. "இது கார்டு கோட்டு, இதைத் தண்ணில போடக் கூடாது" என்பார். வலது பையில் கையை விட்டாள். பாதி பிரித்த கிரீம் பிஸ்கட் பொட்டலம். இடது பையில் முழுப் பொட்டலம் ஒன்று. பையின் அடியில் மூன்று மாதத்துத் தூள்.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. போனை எடுத்தாள்.

நாத்தனார்தான் எடுத்தாள். "அண்ணி, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. ஒரு வாரத்துக்கு மனசு கஷ்டப்படுற மாதிரி எதுவும் சொல்லிடாதீங்க. அழுதா கண்ணைக் கசக்கிடுவாரு, கசக்கவே கூடாதாம். வந்ததுலேருந்து துரை எப்படி இருக்கான், துரை எப்படி இருக்கான்னு என் உயிரை வாங்குறாரு."

"நல்லா இருக்குன்னு சொல்லுங்க" என்றாள் மருமகள்.

அந்த ஒரு வாரமும் கோபத்தை வைத்துக் காப்பாற்றுவது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. முதல் இரண்டு நாள் அவரிடம் என்ன கேட்பது என்று விரிப்பு மடிக்கும்போதெல்லாம் வாக்கியம் வாக்கியமாக ஒத்திகை பார்த்தாள். ஆனால் ஒவ்வொரு நாளும் நான்கு மணிக்கு அந்த நாய் காலி நாற்காலிக்கு முன்னால் போய் உட்காருவதை எதிர்வீட்டம்மாள் ஜன்னல் வழியே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாக்கியங்கள் தேய்ந்து சின்னதாகிக்கொண்டே வந்தன.

மாமனார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். துரை வாசற்படியிலேயே அவருடைய செருப்பைக் கண்டுபிடித்து, அதிலிருந்து முழங்கால் வரை முகர்ந்து ஏறியது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "அடேயப்பா, சுவர் இவ்வளவு அழுக்கா இருக்கா?" என்றார். பிறகு மேசைமேல் இருந்த இரண்டு பொட்டலங்களைப் பார்த்தார்.

உட்கார்ந்தார். மருமகள் நடந்ததைச் சொன்னாள். குரலை உயர்த்தாமல், பிஸ்கட் சர்க்கரைக்கும் சேர்த்து ஏறிய எட்டு யூனிட்டிலிருந்து முப்பத்தெட்டு வரை சொன்னாள்.

"ஒரே ஒரு பிஸ்கட்டும்மா" என்று மென்று முழுங்கினார்.

"ஒண்ணுதானா?"

"நாலு மணிக்கு ஒண்ணு." பொட்டலத்தைத் தள்ளி வைத்தார். "நீ வேலைக்குப் போனப்புறம் ரெண்டு. மத்தியானம்... மத்தியானம் கணக்கு வச்சுக்கல."

"சத்தியம் பண்ணீங்களே மாமா. அது தலையில கை வச்சு."

"அவன் என்னைப் பாக்குறதை நிறுத்திட்டாம்மா." அவர் துரையின் மடங்கிய காதைத் தடவிக்கொண்டே இருந்தார். "நேரா முன்னாடி நிக்கிறேன், அவன் சுவத்தைப் பாக்குறான். ஒன்பது வருஷமா என் முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தவன். பிஸ்கட்டைப் பிரிச்சா மட்டும் சரியா என் மூஞ்சிக்கு நேரா திரும்புவான். அந்த ஒரு நிமிஷம் பாக்குறான்னு நினைச்சுக்கலாம். அவ்வளவுதான். அதுக்காகத்தான்."

மருமகள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"தேன் வீட்டுல இருக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் வைக்கலை. எதிர்வீட்டுல போய்ப் பிச்சை கேட்டேன். வண்டியில போகும்போது, இது போயிட்டா காலையில தூங்கலாமேன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன் மாமா." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நினைக்காம? நீ என்ன இரும்பா?" என்றார் மாமனார். கை தன்னையறியாமல் கண்ணுக்குப் போயிற்று.

"கண்ணைக் கசக்காதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் துரை எழுந்து நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் முழுக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, துரையின் சர்க்கரையை வீட்டிலேயே அளந்து எழுதி வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. காதின் ஓரத்தில் ஒரு சின்னக் குத்து, ஒரு சொட்டு ரத்தம். காலை ஆறு மணிக்கு இருநூற்று அறுபத்தெட்டு. ஊசிக்குப் பிறகு எட்டு மணிக்கு இருநூற்றுப் பதினான்கு. பத்துக்கு நூற்று அறுபது. மாமனார் இந்தத் தடவை வேறு அறைக்குப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, புதுக் கண்ணால் ஊசி முனையை உற்றுப் பார்த்தார். "இத்துணூண்டுதானா? இதுக்கா இத்தனை வருஷம் ஓடினேன்?" என்றார். சாப்பிட்ட பிறகுதான் ஊசி, ஐந்து கோடு, சந்தேகமென்றால் திரும்பப் போடக் கூடாது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். பன்னிரண்டு மணிக்கு நூற்றுப் பதினெட்டு.

"நல்ல நம்பர்" என்றாள் மருமகள். ஐந்து நிமிஷம் என்று சொல்லி, கூடத்தில் காலை நீட்டிச் சாய்ந்தாள்.

கனவில் ஆறு முழுக்க வெள்ளை விரிப்பாக இருந்தது. யாரோ ஒரு முனையைப் பிடித்து உதற, அது அலையலையாக அவள் பக்கம் வந்தது. துரை அதன்மேல் நடந்து வந்தது, எதையும் தொட்டுப் பார்க்காமல், நேராக. தூரத்தில் ஒரு குரல் அடக்கமாக நூற்று இருபத்தாறு என்றது. வெகு நேரம் கழித்து நூற்று எழுபத்தொன்று என்றது. அவள் அந்த எண்களைக் கேட்டுக்கொண்டே இன்னும் ஆழமாகப் போனாள்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் சாய்ந்திருந்தது. மணி ஆறு இருபது. துள்ளி எழுந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்தாள்.

"போட்டாச்சும்மா" என்றார் மாமனார்.

அவள் அப்படியே நின்றாள். குப்பி கையில் குளிர்ந்தது. "யாரு போட்டது?"

"நான்தான். அஞ்சு. அவன் சாப்பிட்டு முடிச்சதும் போட்டேன். எழுப்பலாம்னு வந்தேன். அப்படித் தூங்குற, மனசு வரல." தாளை நீட்டினார். பன்னிரண்டு மணி வரை அவளுடைய எழுத்து. அதன் கீழே சாய்ந்த பெரிய எழுத்தில் இரண்டு மணி, நான்கு மணி, ஆறு மணி. ஆறு மணிக்கு எதிரே 'இருநூற்று முப்பது. ஐந்து யூனிட். கொஞ்சம் ரோமத்தில் சிந்தியிருக்கலாம்' என்று எழுதியிருந்தது.

"கை ஆடிடுச்சு" என்றார். "உள்ளே போச்சா, வெளியே போச்சான்னு சரியா தெரியல. இன்னொரு தடவை போடலாமான்னு யோசிச்சேன்."

"போடலையே?"

"போடல. சந்தேகம்னா திரும்பப் போடக் கூடாதுன்னு நீதானே சொல்லிக் குடுத்த. அதான் அப்படியே எழுதி வச்சுட்டேன்."

மருமகள் குனிந்து துரையின் தோளருகே ரோமத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு பொட்டளவு ஈரம். விரலை முகர்ந்தாள், மருந்து வாசனை. எவ்வளவு உள்ளே போயிற்றென்று துரைக்கு மட்டும்தான் தெரியும், அதுவோ காலை நீட்டிப் படுத்து அரைத் தூக்கத்தில் இருந்தது. அவள் மாமனாரைப் பார்த்தாள். அவரும் கண்ணை விலக்காமல் பார்த்தார்.

"நாளைக்கு நான் பிடிச்சுக்கறேன், நீங்க போடுங்க" என்றாள். குப்பியைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.